வாய் கொப்பளித்த நாள்

கௌனாஸ் நகரில் பிப்ரவரி லேசில் விடியாது.
ஆறரைக்கு ஆய்வுக்கூடக் கதவைத் தட்டுவார்
ரிம்விதாஸ். டிராலிபஸ் ஓட்டுநர்.
ஐம்பத்தொரு வயது, தொப்பி விளிம்பில் பனி,
கோடையில் ஆற்றோரம் ஓடப்போகும் மாரத்தானுக்கு
இப்போதே இளைத்துவிட்ட கன்னம்.

நான் நீட்டுவது ஒரு சின்னப் புட்டி.
பீட்ரூட் சாறு, ஒரே மடக்கு.
மண்ணில் சர்க்கரை கரைத்த மாதிரி இருக்கும்.
"மோர் ஊற்றி வெள்ளரி நறுக்கிப் போட்டால்
இதுவே கோடைக்கு சூப்.
இப்படிக் குடித்தால் தண்டனை" என்பார்,
குடித்துவிட்டு.

புட்டிகளில் இரண்டு வகை.
ஒன்றில் நைட்ரேட் உண்டு, மற்றதில் எடுத்துவிட்டார்கள்.
நிறம் ஒன்று, நாற்றம் ஒன்று,
மறுநாள் கழிப்பறையில் அவரைத் திடுக்கிட வைக்கும்
இளஞ்சிவப்பும் ஒன்று.
எது எதுவென்று அவருக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
தெரிந்த காகிதம் மாடியில் பூட்டிய அலமாரியில்.
வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பார்கள்;
சிவந்ததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

பிறகு இரண்டரை மணி நேரம் காத்திருப்பு.
நாற்காலியில் வாய் திறந்து தூங்குவார்.
அந்த வாயில்தான் வேலை நடக்கிறது:
வயிற்றுக்குப் போன சாறு இரத்தத்தில் ஏறி
எச்சிலாகத் திரும்பி வரும்.
நாக்கின் பின்மடிப்பில் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாத கூட்டம் அதை உடைக்கும்.
உடைத்ததை அவர் மறுபடி விழுங்குவார்.
குழாய்கள் கொஞ்சம் தளரக்கூடும்.
அதே மிதிக்குக் கொஞ்சம் குறைந்த மூச்சு
போதுமானதாக இருக்கக்கூடும்.
அறிக்கையில் நான் அதிகம் தட்டச்சு செய்த சொல்
கூடும்.

மூன்றாம் வாரம்.
சைக்கிளில் ஏறி ஒன்பதாம் நிமிடம்
கால் நின்றுவிட்டது. முகம் சாறு நிறம்.
தூங்கினீர்களா? தூங்கினேன்.
காப்பி? தொடவில்லை.
வாய் கொப்பளித்தீர்களா?
மருந்துக்கடையில் விற்கும் அந்த நீல நிறத் தண்ணீர்?

தரையைப் பார்த்தார்.
மனைவி நியோலே புகையை மோப்பம் பிடித்துவிடுவாளாம்.
நான்கு வருடமாய் விட்டுவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம்.
நேற்று பணிமனைச் சுவருக்குப் பின்னால்
ஒன்றே ஒன்று.

ஒரு சிகரெட்டை மறைக்க
நாக்கிலிருந்த ஊரையே கழுவிவிட்டார்.
அந்த வரிசையைச் சிவப்புக் கோட்டால் அடித்தேன்.
காரணம் என்ற இடத்தில்
'வாய் கொப்பளிப்பு' என்று மட்டும் எழுதினேன்.
நியோலே அறிக்கை படிக்கிறவள் இல்லை,
ஆனாலும்.

ஏப்ரலில் அலமாரியைத் திறந்தார்கள்.
பதினெட்டுப் பேரின் கணக்கு
நாங்கள் விரும்பிய பக்கமே லேசாகச் சாய்ந்திருந்தது.
ரிம்விதாஸ் மட்டும் சாயவில்லை.
அவருடைய மிக நீண்ட நாள்,
பதினான்கு நிமிடம் இருபது நொடி,
வெறும் புட்டி குடித்த நாள்.

என் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
அன்றைய பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில்:
சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒரு மாலை அவர் வண்டியில் ஏறினேன்.
கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்திருந்தேன்.
எல்லோரும் இறங்கியபின் சொன்னேன்.
ஸ்டியரிங்கில் கை வைத்தபடி
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பல்லிடுக்கில் இன்னும் சிவப்பு;
இப்போது காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறாராம்.

"அப்போ அன்றைக்கு மிதித்தது யார்?"

பதில் தேடுவதற்குள் வண்டியைத் திருப்பினார்.
வளைவில் மேலிருந்த கொம்பு
கம்பியை விட்டு நழுவ, விளக்குகள் அணைந்தன.
இறங்கிப் பின்னால் போய்க்
கையுறை இல்லாமல் கயிற்றைப் பிடித்து இழுத்து
அண்ணாந்தபடி மாட்டிக்கொண்டிருந்தார்.
முதல் முறை தவறியது.
இரண்டாம் முறையும்.